சுவருக்கு வெளியே, தளத்துக்கு உள்ளே

ராஜபாளையத்துப் பழைய வீடுகளில் வயர் சுவருக்கு வெளியேதான் ஓடும். மர ரீப்பர், அதன்மேல் கிளிப், வட்டக் கட்டையில் கறுப்பு சுவிட்ச். பூச்சு வேலை முடிந்தபின் எலக்ட்ரீஷியன் வருவார். வீட்டுக்காரரோடு அறை அறையாக நடந்து சாக்பீஸால் குறி போடுவார். இடம் பிடிக்காவிட்டால் ரீப்பரைக் கழற்றி நகர்த்திவிடலாம்.

பைப்பைக் காங்கிரீட்டுக்குள் புதைக்கிற பழக்கம் வந்ததும் அந்தச் சலுகை போயிற்று. தளத்துக்குக் கம்பி கட்டும்போதே பி.வி.சி. பைப், ஃபேன் பாக்ஸ், ஊஞ்சல் கொக்கி எல்லாம் அதனதன் இடத்தில் உட்கார்ந்துவிட வேண்டும். கட்டில் தலைமாடு எந்தப் பக்கம், ஏ.சி. எந்தச் சுவர் என்பதெல்லாம் பால் காய்ச்சுவதற்குப் பல மாதம் முன்பே முடிவாக வேண்டும். 2008 வாக்கில் தொடங்கிய மின்வெட்டு, இன்வெர்ட்டருக்கென்று தனி லைனையும் வரைபடத்தில் ஏற்றியது. வரைபடம் இப்போது வாட்ஸ்அப்பில் வருகிறது. கொத்தனார் கையில் போன மாதம் பிரின்ட் எடுத்த தாள். எலக்ட்ரீஷியன் போனில் நேற்று வந்த பி.டி.எஃப். இரண்டும் ஒன்றல்ல என்பது சென்ட்ரிங் பிரித்தபின் தெரியும்.

பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயிலில் பைப்பைப் புதைக்கிற இந்த முன்னேற்றம் செல்லாது, செல்லவும் கூடாது. ஆண்டாள் கோயிலின் 11 நிலைக் கோபுரத்தில் பைப் புதைக்க யார் துளை போடுவது? திருவிழாவுக்குக் கட்டும் சீரியல் செட்டை முடிந்ததும் அவிழ்த்துவிடலாம். கல்லுக்கும் சுதைக்கும் கேடில்லாமல் கழற்றி எடுக்க முடிகிற வேலைதான் அங்கே சரி.

முன்கூட்டியே இடம் முடிவு செய்கிற விஷயம் முற்றுவது மில்லில். பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கிய காலத்தில், இந்திய நூற்பாலைகள் பலவற்றுக்கு வெளிச்சம் கூரை வழியாகவே கிடைத்தது: ரம்பப் பல் போன்ற கூரை, வடக்கு பார்த்த கண்ணாடி. கட்டடத்தை வரைந்தவரே வெளிச்சத்தையும் வரைந்துவிட்டார். இங்கிலாந்தின் லங்காஷயருக்கு அது பொருந்தும். 9.5 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிற நம்மூரில் சித்திரை பிறந்து ஆவணி வரை உச்சிச் சூரியன் வடக்கே அல்லவா நிற்கிறது, வெயில் அந்தக் கண்ணாடி வழியே உள்ளே வராதா!

இன்றைய ஆலையில் பகலிலும் ஃபால்ஸ் சீலிங்கின் எல்.இ.டி.தான். நூல் நூற்கும் ரிங் ஃபிரேம்களுக்கு இடையே சைடர் என்கிற தொழிலாளி நடந்து, அறுந்த இழையை ஒட்டுகிற சந்துக்கு நேர்மேலே விளக்கு வரிசை வர வேண்டும். தள்ளிப் போனால் அவர் கைமேல் நிழல் விழும். அதே சீலிங்கில் ஹியூமிடிஃபிகேஷன் காற்று இறங்கும் வாய்களும் இடம் கேட்கும், மெஷினுக்கு மேலே ஓடும் கிளீனரின் தண்டவாளமும் கேட்கும். மெஷின் லேஅவுட் அரையடி நகர்ந்தால் மூன்றும் நகர வேண்டும். இம்மூன்றையும் ஆளுக்கொரு ஊரில் உட்கார்ந்து வரையும்போது, முதலில் டிராயிங் அனுப்பியவர் இடத்தைப் பிடித்துக்கொள்கிறார். லைட்டிங் கன்சல்டன்டைக் கூப்பிடுவது அநேகமாகக் கடைசியில்.