பட்டியல் புதுசு, மென்பொருள் பழசு

உபுண்டு சர்வரில் 'ஆப்ட் அப்டேட்' என்று அடித்து, திரையில் வரிகள் மளமளவென ஓடி முடிந்ததும், "அப்டேட் பண்ணியாச்சு சார்" என்று முதலாளியிடம் சொல்லிவிடுகிற தம்பிகள் உண்டு. உண்மையில் ஒரு மென்பொருள்கூட மாறியிருக்காது. என்னென்ன புதிய பதிப்புகள் வந்திருக்கின்றன என்ற பட்டியலை வாங்கி வருவதோடு அந்தக் கட்டளையின் வேலை முடிந்துவிடும். சரக்கை இறக்க 'ஆப்ட் அப்கிரேட்' என்று தனியாகக் கொடுக்க வேண்டும். ரெட் ஹேட் வகை சர்வர்களிலோ 'டிஎன்எஃப் அப்டேட்' என்றாலே மென்பொருள் மாறிவிடும். பெயர் வைத்தவர்களைத்தான் நொந்துகொள்ள வேண்டும்.

அப்கிரேட் முடிந்தாலும் வேலை முடிவதில்லை. ஓப்பன்எஸ்எஸ்எல் போன்ற நூலகத்தின் புதிய பதிப்பு டிஸ்க்கில் உட்கார்ந்திருக்கும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வெப் சர்வர் பழையதையே பிடித்துக்கொண்டிருக்கும். அதை ரீஸ்டார்ட் செய்யும்வரை ஓட்டை அப்படியே இருக்கும். கெர்னல் மாறினால் சர்வரையே ரீபூட் செய்ய வேண்டும்.

தாமதத்தின் விலைக்கு அமெரிக்கக் கடன் தகவல் நிறுவனமான ஈக்விஃபாக்ஸ் சாட்சி. அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் மென்பொருளில் இருந்த ஓட்டைக்கு 2017 மார்ச் 7 அன்றே திருத்தம் வந்துவிட்டது. அவர்கள் போடவில்லை. மே மாதம் முதல் திருடர்கள் தகவல்களை அள்ளினார்கள். ஜூலை 29 அன்றுதான் நிறுவனத்துக்கே தெரிந்தது. பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 14.7 கோடிப் பேர். 2019-ல் குறைந்தது 57.5 கோடி டாலர் தருவதாக ஒப்புக்கொண்டு சமரசத்துக்கு வந்தார்கள். ஸ்ட்ரட்ஸ் போல, செயலியோடு சேர்த்துக் கையால் வைத்த மென்பொருளை ஆப்ட் கண்டுகொள்ளாது. அதற்குத் தனிப் பட்டியல் வைத்திருங்கள்.

இன்னோர் ஆபத்து, மென்பொருள் வந்த இடம். ஏதோ ஒரு தளத்தில் பார்த்த 'கர்ல்' வரியை அப்படியே பேஷில் கொட்டி ரூட் அதிகாரத்தில் ஓட்டுவது, வீட்டுச் சாவியை வழிப்போக்கரிடம் கொடுப்பதுதான். அதிகாரபூர்வ ரெப்போவின் பேக்கேஜ்கள் டிஜிட்டல் கையொப்பம் சரிபார்த்தே இறங்கும். அதுவும் முழுக் காப்பு அல்ல: 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்வாசல் ஒன்று இருந்தது அம்பலமானது. எஸ்எஸ்எச் லாகின் அரை விநாடி தாமதமாவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் தோண்டிப் பிடித்தார். டெபியனின் சோதனைப் பதிப்புகளுக்குள் அது புகுந்திருந்தது, ஸ்டேபிள் தப்பியது. சர்வருக்கு ஸ்டேபிள் போதும்.

தொடரலாமா என்று கட்டளை கேட்கும்போது 'ஒய்' தட்டும் முன், எவையெல்லாம் நீக்கப்படும் என்று காட்டும் பகுதியை வாசியுங்கள். டேட்டாபேஸ் பெயர் அங்கே இருந்தால் கையை எடுத்துவிடுங்கள். தவறிவிட்டால், ஆப்ட்டின் ஹிஸ்டரி லாக் எது எப்போது போனது என்று சொல்லும். டிஎன்எஃப்பில் 'ஹிஸ்டரி அண்டூ' உண்டு. இரண்டுமே பேக்கப்புக்கு ஈடாகாது.

இந்தியாவில் சட்டமும் கேள்வி கேட்கும். 2022 ஏப்ரலில் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவுப்படி, ஊடுருவல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் அதற்குத் தகவல் தர வேண்டும். லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். படிப்படியாக நடைமுறைக்கு வரும் 2023-ம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் கசிந்தால் சம்பந்தப்பட்டவர்களுக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. போதிய பாதுகாப்பு வைக்காவிட்டால் அபராதம் 250 கோடி ரூபாய்வரை. அந்தப் பணம் அரசுக் கருவூலத்துக்குத்தான் போகும், தகவலைப் பறிகொடுத்தவர் கைக்கு வராது. இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

உங்கள் அலுவலகத்தில் இன்னும் சென்ட்ஓஎஸ் 7 ஓடுகிறதா என்று இன்றே கேளுங்கள். 2024 ஜூன் 30-உடன் அதற்கான ஆதரவு முடிந்துவிட்டது. அந்த சர்வருக்கு இனி புதுப் பட்டியல்கூட வராது.