கணக்கில் ஏறாத ஆண்டுகள்

திருவனந்தபுரத்தின் பல்கலைக்கழகக் கல்லூரி, வழுதக்காடு மகளிர் கல்லூரி போன்ற அரசுக் கல்லூரிகளில், பணியிடம் காலியாக இருக்கும்போதும் நிரந்தர இடம் கேட்கும் அளவுக்குப் பாடவேளை சேராதபோதும் வகுப்பெடுக்க வருவோரைக் ‘கெஸ்ட் லெக்சரர்’ என்கின்றனர். தமிழ்நாட்டில் இவர்களே கௌரவ விரிவுரையாளர்கள். கல்லூரிக் கல்வித் துணை இயக்குநர் அலுவலகத்தில் பெயர் பதிந்து, கல்லூரி கல்லூரியாக நேர்காணலுக்கு அலைந்து, கல்வியாண்டு முடிந்ததும் வெளியேறி, அடுத்த ஜூனில் அதே சான்றிதழ்க் கோப்புடன் மீண்டும் வந்து நிற்பது இவர்களின் பிழைப்பு. கேரளக் கல்லூரி ஆசிரியர்களில் பெண்களே அதிகம் என்பதால், இந்த நிச்சயமின்மையின் பெரும்பங்கும் அவர்கள் தலையில்தான் விழுகிறது.

முதுகலை வகுப்பின் ஒரு மணி நேரத்தை ஒன்றரை மணியாகக் கணக்கிடும் பழைய முறையைக் கைவிட்டு, வாரம் 16 மணி நேரப் பாடச்சுமை முழுமையாக இருந்தால்தான் ஒரு நிரந்தர இடம் என்று மாநில அரசு 2020 ஏப்ரலில் வரையறுத்தபின், புதிய இடங்களுக்கான வாய்ப்பு மேலும் சுருங்கியது. தமிழ் போன்ற சிறு துறைகளில் முன்பும் இடம் காலியாவது அபூர்வமே.

பல்கலைக்கழக மானியக் குழு 2019-இல் வெளியிட்ட நெறிமுறை, ஒரு விரிவுரைக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு அதிகபட்சம் 50,000 ரூபாய் என்று வரம்பு கட்டியதோடு, நிரந்தர ஆசிரியருக்குரிய படிகள், ஓய்வூதியம், பணிக்கொடை, விடுப்பு ஆகியவை இவர்களுக்கு இல்லை என்றும் கூறியது. இதே குழுவின் 2018 விதிகளோ, நிரந்தர உதவிப் பேராசிரியரின் மாத ஊதியத்துக்குக் குறையாமல் பெற்றிருந்தால்தான் தற்காலிகப் பணிக்காலம் பதவி உயர்வுக்குக் கணக்காகும் என்கின்றன. அந்த உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியமே 57,700 ரூபாய். வரம்பு கட்டியதும் அக்குழுதான், அந்த வரம்புக்குள் உழைத்த ஆண்டுகளைச் செல்லாது என்பதும் அக்குழுதான்.

அரசுக் கல்லூரிப் பணிக்குக் கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையம் வைத்துள்ள பொது வயது வரம்பு 40. முனைவர் பட்டம், திருமணம், பிள்ளைப்பேறு மூன்றும் நெருக்கியடிக்கும் ஆண்டுகள் அதற்குள்தான் வருகின்றன. மகப்பேறு நலம் பற்றிய சட்டம், பேறுகாலத்துக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாள் வேலை செய்த பெண்ணுக்கு ஊதியத்துடன் விடுப்பளிக்கிறது; 2017-இல் அது 26 வாரமாயிற்று. டெல்லி மருத்துவர் கவிதா யாதவ் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒப்பந்தம் முடிந்தபின்னும் இப்பயன் தொடரும் என்று 2023 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. எனினும் அத்தீர்ப்பு காப்பது பணப்பயனைத்தான். ஒப்பந்தத்தின் ஆயுளை அது நீட்டவில்லை. ஜூன் நேர்காணலுக்குக் கைக்குழந்தையால் வர இயலாதவரின் வகுப்புகள் வேறொருவருக்குப் போகும். அவருடைய வயதில் ஓராண்டு கூடும்.