‘லேப்புக்குள்ள நம்மளையெல்லாம் விடுவாங்களா?’ ஆய்வகங்கள் நடத்தும் ‘ஓபன் டே’ ஏன் முக்கியம்?

பெங்களூரில் வேலை பார்க்கும் தமிழர்களுக்கு அந்த நீண்ட மதில் சுவர் பழக்கமானதுதான். யஷ்வந்த்பூர், மல்லேஸ்வரம் பக்கம் போகும்போது பஸ் ஜன்னல் வழியாகத் தெரியும். உள்ளே இருப்பது 1909-ல் தொடங்கப்பட்ட இந்திய அறிவியல் நிறுவனம் (ஐ.ஐ.எஸ்.சி). பழைய ஆட்டோ டிரைவர்களிடம் ‘டாடா இன்ஸ்டிட்யூட்’ என்றால்தான் சட்டெனப் புரியும்.

மற்ற நாட்களில் அங்கே போய் சும்மா ஒரு லேப்பை எட்டிப் பார்த்துவிட்டு வர முடியாது. ஆனால், வருஷத்தில் ஒரு நாள் முடியும். வழக்கமாக பிப்ரவரி கடைசியிலோ மார்ச் தொடக்கத்திலோ வரும் அந்த நாளுக்குப் பெயர் ‘ஓபன் டே’. டிக்கெட் கிடையாது. டிகிரி கேட்க மாட்டார்கள். குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆயிரக்கணக்கானோர் வருவார்கள்.

இது வெறும் வீக்எண்ட் வேடிக்கையா? ஒரு ஆய்வு நிறுவனம் ஒரு நாள் வேலையை நிறுத்திவிட்டு ஊரையே உள்ளே அழைப்பதால் யாருக்கு என்ன லாபம்?

பிப்ரவரி 28-க்கு என்ன ஸ்பெஷல்?

இந்தியாவில் பெரும்பாலான ஓபன் டே நிகழ்ச்சிகள் பிப்ரவரி கடைசியை ஒட்டியே நடக்கும். காரணம், பிப்ரவரி 28 தேசிய அறிவியல் தினம். 1928-ல் இதே நாளில்தான் சி.வி.ராமன் ‘ராமன் விளைவை’ உறுதிசெய்தார். 1987 முதல் இந்த நாள் அறிவியல் தினமாகக் கொண்டாடப்படுகிறது.

ராமன் விளைவு என்றால் என்ன? ஒரு திரவத்தின் மீது ஒரே நிற ஒளியைப் பாய்ச்சினால் அது நாலாபக்கமும் சிதறும். சிதறும் ஒளி கிட்டத்தட்ட முழுவதும் அதே நிறத்தில்தான் இருக்கும். மிக மிகச் சிறிய பங்கு மட்டும் நிறம் லேசாக மாறி வெளியே வரும். எவ்வளவு மாறுகிறது என்பது அந்தத் திரவத்தின் மூலக்கூறைப் பொறுத்தது. அதாவது, ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு கைரேகை மாதிரி. இன்று போலி மருந்தைக் கண்டுபிடிக்கவும், ரத்தினக்கல் அசலா என்று பார்க்கவும் இதே கைரேகையைத்தான் தேடுகிறார்கள்.

இத்தனைக்கும் ராமன் குழுவின் தொடக்கப் பரிசோதனைகளுக்குச் சூரிய ஒளி, நிறக் கண்ணாடிகள், கண் பார்வை ஆகியவையே போதுமானதாக இருந்தன.

ஆபீஸ் முடிந்ததும் லேப்

பலருக்கும் தெரியாத பகுதி இது. திருச்சியில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த ராமன், முதலில் விஞ்ஞானி வேலையில் சேரவில்லை. அவர் மத்திய அரசின் நிதித்துறை அதிகாரி. 1907-ல் கல்கத்தாவில் வேலைக்குச் சேர்ந்தபோது வயது 18. இன்றைய பாஷையில் சொன்னால், கைநிறையச் சம்பளம் வாங்கும் யங் புரொஃபஷனல்.

அப்போது பவ்பஜார் தெருவில் ஒரு கட்டடத்தின் போர்டு அவர் கண்ணில் பட்டது: இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம். மகேந்திரலால் சர்க்கார் என்ற டாக்டர், பொதுமக்களிடம் நன்கொடை திரட்டி 1876-ல் தொடங்கிய அமைப்பு அது. செயல்முறை விளக்கத்தோடு பொதுமக்களுக்கு அறிவியல் சொற்பொழிவுகள் நடத்துவது அதன் முக்கிய வேலை. இன்று நாம் ‘அவுட்ரீச்’ என்று சொல்கிறோமே, அதேதான்.

சர்க்கார் 1904-ல் இறந்துவிட்டார். கழகத்தின் கருவிகள் பெரும்பாலும் சும்மா கிடந்தன. கதவைத் தட்டிய ராமனுக்கு, அங்கே ஆய்வு செய்ய அனுமதி கிடைத்தது. கல்கத்தாவில் அவருடைய ரொட்டீன் இதுதான்: காலையில் லேப், பிறகு ஆபீஸ், சாயங்காலம் மறுபடி லேப். 1917-ல் அரசு வேலையை விட்டுவிட்டு, அதைவிடக் குறைந்த சம்பளத்துக்கு கல்கத்தா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆனார். 1930-ல் நோபல் பரிசு. 1933-ல் அவர் ஐ.ஐ.எஸ்.சி-யின் முதல் இந்திய இயக்குநர்.

ஒரு கணக்கு அதிகாரிக்கு அந்தக் கதவு திறக்காமல் இருந்திருந்தால்? பிப்ரவரி 28-க்கு நம் காலண்டரில் எந்த விசேஷமும் இருந்திருக்காது.

லண்டனிலும் ஒரு டிக்கெட்

இதற்கு 95 ஆண்டுகளுக்கு முன்பு லண்டனில் இன்னொருவர். புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் தொழில் பழகிக்கொண்டிருந்த இளைஞர் மைக்கேல் ஃபாரடே. கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர், ராயல் இன்ஸ்டிட்யூஷனில் ஹம்ஃப்ரி டேவி நடத்திய அறிவியல் சொற்பொழிவுகளுக்கு 1812-ல் அவருக்கு டிக்கெட் கொடுத்தார். கேட்டதையெல்லாம் எழுதி, தானே அழகாக பைண்ட் செய்து டேவிக்கு அனுப்பினார் ஃபாரடே. 1813-ல் அங்கேயே உதவியாளர் வேலை கிடைத்தது. மின்மோட்டாருக்கும் ஜெனரேட்டருக்கும் அடிப்படை போட்டவர் பிறகு அவர்தான்.

ஃபாரடே அதை மறக்கவில்லை. சிறுவர்களுக்காக அங்கே 1825-ல் தொடங்கிய கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளை அவரே 19 முறை நடத்தினார். அந்தத் தொடர் இன்றும் நடக்கிறது.

ராமனும் ஃபாரடேயும் பொதுமக்களுக்கென்று திறந்த வாசல் வழியாக உள்ளே போனவர்கள். அதனால் ஓபன் டே என்பது மக்களுக்கு அறிவியல் நிறுவனம் செய்யும் உபகாரம் மட்டுமல்ல; தன்னுடைய அடுத்த ஆட்களை அது தேடிக்கொள்ளும் வழியும்கூட. இந்த ஆய்வகங்களில் பல, மக்கள் வரிப்பணத்தில் நடப்பவை என்பது இன்னொரு பக்கம். அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று அரசியலமைப்பின் 51ஏ பிரிவு சொல்கிறது. அதற்கு வழி செய்து தர வேண்டியது யார் என்ற கேள்வியும் அதோடு சேர்ந்தே வருகிறது.

எங்கே, எப்போது போகலாம்?

*பெங்களூரு:* ஐ.ஐ.எஸ்.சி ஓபன் டே பிப்ரவரி - மார்ச்சில். இது தவிர, ஐ.சி.டி.எஸ் என்ற ஆய்வு மையம் ‘காபி வித் கியூரியாசிட்டி’ என்ற பெயரில் பொதுச் சொற்பொழிவுகள் நடத்துகிறது.

*சென்னை:* தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனம் ‘சயின்ஸ் அட் தி சபா’ நடத்துகிறது. பெயரிலேயே விஷயம் இருக்கிறது. கச்சேரி கேட்கப் போகிற மாதிரி சபாவில் உட்கார்ந்து விஞ்ஞானிகளின் பேச்சைக் கேட்கலாம்.

*மும்பை:* டி.ஐ.எஃப்.ஆர் நிறுவனம் 2009 முதல் நடத்தும் ‘சாய் அண்ட் ஒய்?’. டீ குடித்துக்கொண்டே அறிவியல் பேசும் ஞாயிற்றுக்கிழமைகள்.

*காவலூர்:* திருப்பத்தூர் மாவட்டம் ஜவ்வாது மலையில் உள்ள வைணு பாப்பு வான் ஆய்வகம். 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி இருக்கும் இடம். சனிக்கிழமைகளில் பார்வையாளர்களை அனுமதிப்பது வழக்கம். மேகம் போட்டால் வானம் தெரியாது.

*கொடைக்கானல்:* 1899-ல் தொடங்கிய சூரிய ஆய்வகம். நூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சூரியனைப் படம்பிடித்து வைத்திருக்கும் இடம்.

தேதியும் நேரமும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். கிளம்பும் முன் அந்தந்த நிறுவனத்தின் இணையதளத்தைப் பார்த்துவிடுவது நல்லது.

போனால் என்ன கேட்பது?

ஓபன் டேயில் கூட்டம் அலைமோதுவது, திரவ நைட்ரஜன் மாதிரியான விஷயங்களுக்குத்தான். மைனஸ் 196 டிகிரி திரவத்தில் முக்கிய ரோஜா, கண்ணாடி மாதிரி நொறுங்கும். எல்லோரும் செல்போனைத் தூக்குவார்கள். தப்பில்லை. ஆனால், ரீல்ஸோடு திரும்பி வந்துவிட்டால் பொருட்காட்சிக்குப் போய் வந்த மாதிரிதான்.

கேம்பஸ் முழுவதையும் ஓடி ஓடிப் பார்ப்பதைவிட, மூன்று லேப்களைத் தேர்ந்தெடுத்து நின்று பார்க்கலாம். அங்கே விளக்கிச் சொல்ல நிற்பவர்கள் பெரும்பாலும் ஆராய்ச்சி மாணவர்கள். ‘இது எப்படி வேலை செய்யுது?’ என்று கேட்டுவிட்டு, ‘இதுல உங்களுக்கே இன்னும் புரியாதது எது?’ என்றும் கேட்டுப் பாருங்கள். மனப்பாடமான விளக்கம் அங்கே நின்றுவிடும். உண்மையான பேச்சு தொடங்கும்.

குறைகள் இல்லையா?

இருக்கின்றன. பல நிகழ்ச்சிகள் ஆங்கிலத்தில்தான் நடக்கின்றன. பெரும்பாலானவை பெருநகரங்களில். அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படிக்கும் ஒரு பிள்ளைக்கு, கேட் திறந்திருந்தாலும் உள்ளே மொழி இன்னொரு கேட்டாக நிற்கிறது. ‘தமிழ்ல சொல்ல முடியுமா?’ என்று தயங்காமல் கேட்க வேண்டும். தமிழ் தெரிந்த ஒரு மாணவர் அங்கே இருந்தால் சந்தோஷமாகவே சொல்வார். அப்படிக் கேட்பவர்கள் கூடினால்தான் அடுத்த ஆண்டு தமிழிலும் ஒரு போஸ்டர் வரும்.

போகும்போது கூடவே ஒரு பள்ளி மாணவரையும் அழைத்துப் போகலாம். சொந்தக்காரப் பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஃபாரடேவுக்கு டிக்கெட் கொடுத்தவர்கூட கடைக்கு வந்துபோன ஒரு வாடிக்கையாளர்தானே!