ஊராட்சிகளில் மின் ஆளுமை: ஊழியர் பயிற்சி ஏன் முக்கியம்?

புதுதில்லி: ஊராட்சிகளின் ஆண்டுத் திட்டம், வரவு செலவுக் கணக்கு, பணப் பட்டுவாடா ஆகியவை நாட்டின் பெரும்பகுதியில் இன்று ‘இ-கிராம் ஸ்வராஜ்’ வலைதளம் வழியாகவே நடைபெறுகின்றன. ஆனால், தளத்தைக் கையாள வேண்டியவர்களுக்கு உரிய பயிற்சி இல்லாவிட்டால், நிதி ஒதுக்கப்பட்டிருந்தும் பணிகள் முடங்கும். முறைகேட்டைத் தடுக்கும் ஏற்பாடும் பெயரளவில் மட்டுமே எஞ்சும்.

தளம் உருவானது எப்படி?

திட்டமிடலுக்கு ‘பிளான்பிளஸ்’, கணக்குக்கு ‘பிரியாசாஃப்ட்’ என ஊராட்சிகளுக்கு முன்பு தனித்தனி மென்பொருள்கள் இருந்தன. இவற்றை ஒருங்கிணைத்து உருவாக்கப்பட்ட இ-கிராம் ஸ்வராஜ் தளத்தை, தேசிய ஊராட்சி தினமான 2020 ஏப்ரல் 24 அன்று பிரதமர் நரேந்திர மோடி தொடங்கி வைத்தார்.

பணம் செல்லும் வழி

இத்தளம் பொது நிதி மேலாண்மை அமைப்புடன் (பிஎஃப்எம்எஸ்) இணைக்கப்பட்டுள்ளது. ஊராட்சியில் ஒருவர் பட்டியலைப் பதிவு செய்ய, மற்றொருவர் அதைச் சரிபார்த்து ஒப்புதல் அளிக்க வேண்டும். பொதுவாகச் செயலர் முதல் பணியையும், ஊராட்சித் தலைவர் இரண்டாவது பணியையும் செய்கின்றனர். இருவரின் டிஜிட்டல் கையொப்பமும் பதிவான பிறகே, ஒப்பந்ததாரரின் வங்கிக் கணக்குக்குப் பணம் செல்லும். 2021 முதல் 2026 வரை ஊரக உள்ளாட்சிகளுக்காக 15-ஆவது நிதி ஆணையம் பரிந்துரைத்த ரூ.2,36,805 கோடி மானியத்தைச் செலவிடுவதற்கும் இதுவே வழிமுறை.

சிக்கல் எங்கே?

ஊராட்சிகளின் பதவிக்காலம் ஐந்து ஆண்டுகள். ஒவ்வொரு தேர்தலுக்குப் பிறகும் பழைய தலைவரின் கையொப்பத்தை நீக்கி, புதியவரின் கையொப்பத்தைப் பதிவு செய்ய வேண்டும். அதுவரை பணம் வழங்க இயலாது. முந்தைய தலைவர் பெற்ற பயிற்சியும் அவருடனேயே போய்விடுகிறது. செயலர் இடமாற்றம் செய்யப்பட்டாலும் இதே நிலைதான்.

இதைவிடக் கவலைக்குரியது வேறொன்று. டிஜிட்டல் கையொப்பம் அடங்கிய, பென் டிரைவ் போன்ற சிறு கருவியையும் அதன் ரகசிய எண்ணையும் தலைவர் பிறரிடம் ஒப்படைத்துவிட்டால், இருவர் செய்ய வேண்டிய சரிபார்ப்பை ஒருவரே செய்துவிட முடியும். தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன்படி டிஜிட்டல் கையொப்பம் கையால் இட்ட கையொப்பத்துக்கு நிகரானது. எனவே, தாம் பார்த்திராத பட்டியலுக்கும் தலைவரே பதில் சொல்ல நேரிடும். முதன்முறையாகப் பொறுப்புக்கு வருபவர்களுக்கு, குறிப்பாக இடஒதுக்கீட்டின் வாயிலாகத் தேர்வாகும் பெண்களுக்கு, இதைத் தொடக்கத்திலேயே விளக்குவது அவசியம்.

பயிற்சிக்கான ஏற்பாடு

ஊராட்சிப் பிரதிநிதிகள் மற்றும் ஊழியர்களின் திறனை வளர்க்க ‘ராஷ்ட்ரிய கிராம் ஸ்வராஜ் அபியான்’ திட்டம் உள்ளது. மறுசீரமைக்கப்பட்ட இத்திட்டத்துக்கு, 2022-23 முதல் 2025-26 வரையிலான காலத்துக்கு ரூ.5,911 கோடிக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. இதில் மத்திய அரசின் பங்கு ரூ.3,700 கோடி. மாநில ஊரக வளர்ச்சி நிறுவனங்கள் பயிற்சிகளை நடத்துகின்றன.

கேரளம் காட்டும் வழி

உள்ளாட்சிகளைக் கணினிமயமாக்க 1999-இல் ‘இன்ஃபர்மேஷன் கேரள மிஷன்’ என்ற தனி அமைப்பைக் கேரளம் உருவாக்கியது. அந்த அமைப்பின் ‘கே-ஸ்மார்ட்’ தளம் எல்லா இடங்களிலும் ஒரே நாளில் அறிமுகமாகவில்லை. 2024 ஜனவரி 1 முதல் மாநகராட்சிகளிலும் நகராட்சிகளிலும் செயல்பாட்டுக்கு வந்து, 2025 ஏப்ரலில் ஊராட்சிகளுக்கு விரிவுபடுத்தப்பட்டது. இவ்வாறு கட்டம் கட்டமாகச் செல்லும்போது, முதல் கட்டத்தில் தெரியவரும் குறைகளைச் சரிசெய்யவும், அடுத்த கட்ட ஊழியர்களைத் தயார்படுத்தவும் அவகாசம் கிடைக்கிறது.

மக்கள் அறிய வேண்டியது

தங்கள் ஊராட்சியின் திட்டத்தையும் செலவு விவரங்களையும் இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் எவரும் பார்க்கலாம். அதற்குக் கடவுச்சொல் தேவையில்லை. கிராம சபைக் கூட்டத்துக்கு முன்பு இவ்விவரங்களைப் பார்த்துச் சென்றால், ஒப்புதல் அளிக்கப்பட்ட பணி நடந்ததா, பணம் எதற்காக வழங்கப்பட்டது என்று ஆதாரத்துடன் கேள்வி எழுப்ப முடியும்.