மறைக்கப்படும் திருமணமும் கனேடிய வதிவிட உரிமையும்

திறன்சார் தொழிலாளர்களாகக் கனடாவுக்குக் குடிபெயர முயலும் எமது இளைஞர்களுள் சிலர், விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும் காலத்திலேயே திருமண பந்தத்தில் இணைகின்றனர். இதில் தவறேதுமில்லை. ஆனால், அத்திருமணத்தைக் குடிவரவு அதிகாரிகளுக்கு அறிவிக்காது விடுவதால் நேரும் விபரீதம் பற்றி நம்மவர் மத்தியில் போதிய விளக்கம் இல்லை என்றே கருத வேண்டியுள்ளது.

2015 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த 'எக்ஸ்பிரஸ் என்ட்ரி' முறையின் கீழ், திறன்சார் தொழிலாளியின் கணவனோ மனைவியோ தனியாக விண்ணப்பிக்க வேண்டியதில்லை. ஒரே விண்ணப்பத்தில் இருவரும் அடங்குவர்; மருத்துவப் பரிசோதனையும் பொலிஸ் நற்சான்றும் திருப்திகரமாயின் நிரந்தர வதிவிட உரிமையும் இருவருக்கும் கிடைக்கும்.

அவ்வாறாயின் ஏன் மறைக்கின்றனர்? புள்ளிகளே முதற் காரணம். தனியாளின் அடிப்படைத் தகைமைகளுக்கு 500 புள்ளிகள் வரை வழங்கப்படும். துணையுடன் செல்பவருக்கு அது 460 ஆகும். எஞ்சிய 40 புள்ளிகளும் துணையின் கல்வி, மொழித்திறன், கனேடியத் தொழில் அனுபவம் ஆகியவற்றைச் சார்ந்தவை. மனைவி மொழிப் பரீட்சைக்குத் தோற்றவில்லையெனில் அவற்றிற் பெரும்பகுதி கைநழுவிவிடும். 'மணமாகாதவர்' என்றே எழுதுங்கள் என ஆலோசனை கூறும் முகவர்களும் இருக்கவே செய்கின்றனர். உண்மையில் துணை உடன் வரவில்லையென்றால், அதனை வெளிப்படையாகக் குறிப்பிட்டாலே தனியாளுக்குரிய புள்ளிகள் கிடைக்கும். எனினும் அவரும் மருத்துவப் பரிசோதனைக்கு உட்பட்டேயாக வேண்டும்.

மற்றைய காரணம் எமது வழக்கங்களில் உள்ளது. 'எழுத்து' முடிந்து பல மாதங்களின் பின்னரே தாலி கட்டும் வைபவம் நடைபெறும் குடும்பங்கள் அநேகம். நிக்காஹ் முடிந்தும் மணமகள் பெற்றோர் இல்லத்திலேயே தங்கியிருப்பதும் உண்டு. இக்காலப்பகுதியில் தம்மை மணமாகாதவர் என எண்ணுவது பெருந்தவறு. கனேடியச் சட்டம் வைபவத்தைப் பார்ப்பதில்லை; திருமணம் நடந்த நாட்டின் சட்டப்படி அது எப்போது நிறைவேறியது என்பதையே பார்க்கின்றது. எமது 1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்படி, பதிவு செய்யப்படாமை மாத்திரம் ஒரு நிக்காஹை வலுவற்றதாக்குவதில்லை. ஆகவே, 'இன்னமும் பதியவில்லை' என்ற சமாதானமும் அங்கு எடுபடாது.

மறைத்ததன் விளைவு கடுமையானது. 2002 ஆம் ஆண்டின் கனேடியக் குடிவரவு ஒழுங்குவிதிகளின் 117 ஆம் விதிப்படி, வதிவிட உரிமை பெற்றபோது அறிவிக்கப்படாது, பரிசோதனைக்கும் உட்படாதிருந்த துணையைப் பின்னர் குடும்ப வகுப்பின் கீழ் அழைக்க முடியாது. இத்தடைக்குக் காலவரையறை இல்லை. பிரஜாவுரிமை பெற்ற பின்னரும் அது நீங்காது. மனிதாபிமான அடிப்படையில் விலக்குக் கோரலாம். அது அதிகாரியின் தற்றுணிபுக்கு உட்பட்டது. இதற்கு மேலாக, தவறான தகவல் வழங்கியமைக்காக ஐந்தாண்டுத் தடை விதிக்கப்படுவதுடன், பெற்ற வதிவிட உரிமையும் பறிபோகலாம்.

எனவே, விண்ணப்பித்த பின்னர் மணமுடிப்பவர் உடனடியாக அறிவித்துத் துணையின் பெயரையும் சேர்க்க வேண்டும். விசா கையில் கிடைத்த பின்னர் திருமணம் நடந்தாலும், பயணத்துக்கு முன்னரே அறிவித்தல் அவசியம். தாமதம் ஏற்படும் என்பது உண்மையே. ஆயினும் சில மாதத் தாமதத்தையும் ஆயுட்காலப் பிரிவையும் ஒரே தராசில் வைக்கலாகாது.

மாப்பிள்ளை கனடாவிலும் மணமகள் இங்கும் இருக்க, தொலைபேசி வாயிலாகவோ பிரதிநிதி மூலமாகவோ செய்யப்படும் நிக்காஹ் பற்றியும் கூற வேண்டும். 2015 ஜூன் 11 முதல் இத்தகைய திருமணங்களைக் கனடா குடிவரவுத் தேவைகளுக்கு ஏற்பதில்லை. இருவரும் நேரில் சமுகமளித்திருத்தல் வேண்டும்.

ஒரே விண்ணப்பத்தில் சேர்க்கப்பட்ட துணை, பிரதான விண்ணப்பதாரிக்கு முன்பாகக் கனடாவில் சென்று இறங்க முடியாது. உடன் செல்லலாம், அல்லது விசா காலாவதியாகுமுன் பின்னர் செல்லலாம்.