நீண்ட நாள் தாங்கும் விளையாட்டுக் கணினி: எந்தச் செயலியை வாங்கலாம்?

2017 ஜனவரியில் இன்டெல் நிறுவனம் கோர் ஐ5-7600கே என்ற செயலியை வெளியிட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5 1600 வந்தது. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. (இங்கே செயலி என்பது கைப்பேசியில் இறக்கிக்கொள்ளும் ஆப் அன்று, கணினியின் கணக்குகளை எல்லாம் போடும் சிபியு என்ற சில்லு.) அன்றைய விளையாட்டுகள் பலவற்றில் இன்டெல் செயலியே முந்தியது. விளையாடத்தான் கணினி என்றால் ஐ5 வாங்குங்கள் என்றுதான் பலரும் சொன்னார்கள். ஆனால் சில ஆண்டுகளிலேயே புதிய விளையாட்டுகளில் ஐ5 திணறத் தொடங்கியது. ரைசன் தாக்குப்பிடித்தது.

ஆண்டிறுதி விடுமுறை வந்தால் மாணவர்களும் பெற்றோரும் என்னிடம் கேட்பது இதைத்தான்: "சார், எந்தச் செயலி வாங்கினால் அஞ்சாறு வருஷம் தாங்கும்?" பல மாதச் சேமிப்பை ஒரே நாளில் கடையில் கொடுக்கும் குடும்பத்துக்கு இது விளையாட்டுக் கேள்வி இல்லை. அந்த 2017 சோடியின் கதையிலேயே பாதி விடை இருக்கிறது.

ஐ5-7600கே-யில் 4 கோர்கள். ஒரு கோர் ஒரு நேரத்தில் ஒரு வேலையைத்தான் பார்க்கும். ரைசன் 5 1600-இல் 6 கோர்கள். ஒவ்வொன்றும் இரண்டு வேலைகளை மாறி மாறிப் பார்க்கும். சமையலறையில் பால் பொங்கும் வரை அடுப்பையே பார்த்துக்கொண்டு நிற்காமல் வெங்காயம் நறுக்குகிறோம் அல்லவா? அதே உத்திதான். ஆக, ஒன்று ஒரே நேரத்தில் 4 வேலைகளையும் மற்றது 12 வேலைகளையும் ஏற்கும். 2017-இல் பல விளையாட்டுகளுக்கு நான்கே போதுமாக இருந்ததால் அந்த வித்தியாசம் வெளியே தெரியவில்லை.

பிறகு அது தெரிய வந்ததற்கு முக்கியக் காரணம், தொலைக்காட்சியில் இணைத்து விளையாடும் கருவிகள். 2020 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டிலும் 8 கோர்கள், 16 வேலைகள். பெரிய விளையாட்டுகளை உருவாக்குகிறவர்கள் இந்தக் கருவிகளை மனத்தில் வைத்துத்தான் எழுதுகிறார்கள். ஆகவே இன்றைக்கு 8 கோர் என்பது நல்ல அளவுகோல். புதிய தலைமுறை 6 கோரும் தாங்கும். அதன் ஒவ்வொரு கோரும் அந்தக் கருவிகளில் உள்ளதைவிட வேகமானது. 4 கோர் செயலியை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், நீண்ட நாள் கணினிக்கு வாங்காதீர்கள். 16 கோர் செயலிக்குப் பணம் கொட்டுவதும் வேண்டாம். காணொளித் தொகுப்பு செய்கிறவருக்கு அது உதவும். விளையாடுகிறவருக்கு அதில் பாதி தூங்கிக்கொண்டுதான் இருக்கும்.

அடுத்து வேகம். விளம்பரங்களில் பெரிதாகப் போடுவது கிகாஹெர்ட்ஸ். 5 கிகாஹெர்ட்ஸ் என்றால் வினாடிக்கு 500 கோடித் துடிப்புகள். ஒரு துடிப்புக்கு 0.2 நானோ வினாடி. ஒளியே அந்த நேரத்தில் 6 சென்டிமீட்டர்தான் போகும். இவ்வளவு வேகமான கோருக்குத் தேவையான தரவு ரேம் நினைவகத்தில் இருந்தால், அது வந்து சேர ஏறத்தாழ 80 நானோ வினாடி ஆகிறது. 400 துடிப்புகள் வீண். அதனால்தான் செயலிக்குள்ளேயே கேஷ் என்ற சிறிய நினைவகத்தை வைக்கிறார்கள். அதன் மூன்றாம் அடுக்கிலிருந்து தரவு வரப் பத்துப் பன்னிரண்டு நானோ வினாடி போதும். அஞ்சறைப்பெட்டி கையருகே இருப்பதற்கும், ஒவ்வொரு முறையும் கடுகு வாங்கக் கடைக்கு ஓடுவதற்கும் உள்ள வித்தியாசம் இது.

விளையாட்டில் இது ஏன் முக்கியம்? திரையில் வினாடிக்கு 60 ஃபிரேம் ஓட வேண்டுமானால், ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது 16.7 மில்லி வினாடி. 144 ஃபிரேம் என்றால் 6.9 மட்டுமே. யார் எங்கே நிற்கிறார், தோட்டா எதில் பட்டது என்று செயலி அதற்குள் கணக்குப் போட்டு கிராபிக்ஸ் கார்டிடம் கொடுத்தாக வேண்டும். அடுத்து எந்தத் தரவு தேவைப்படும் என்பது விளையாடுகிறவரின் விரலைப் பொறுத்தது; முன்கூட்டியே கணிப்பது கடினம். கேஷ் சிறிதாக இருந்தால் அடிக்கடி ரேமுக்கு ஓட வேண்டி வரும்.

இதற்கு நல்ல சான்று 2022 ஏப்ரலில் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி. அதன் அண்ணன் 5800எக்ஸ்-இன் உச்ச வேகம் 4.7 கிகாஹெர்ட்ஸ், இதற்கு 4.5தான். ஆனால் மூன்றாம் அடுக்கு கேஷ் 32 மெகாபைட்டிலிருந்து 96 ஆக உயர்ந்தது. கூடுதல் 64 மெகாபைட்டைச் சில்லின் மேல் மாடி கட்டுவதுபோல் அடுக்கியிருந்தார்கள். கடிகாரம் மெதுவாக ஓடியும் பல விளையாட்டுகளில் இதுதான் முந்தியது.

ஒப்பீட்டுக் காணொளிகளைப் பார்க்கும்போது சராசரி ஃபிரேம் எண்ணோடு நின்றுவிடாதீர்கள். '1 விழுக்காடு தாழ்வு' என்ற எண்ணையும் பாருங்கள். மிக மெதுவாக வந்த ஃபிரேம்களின் வேகம் அது. கைக்குத் தெரியும் தடுமாற்றம் அங்கேதான் இருக்கிறது. இன்னொன்று, செயலிகளை 1080பி என்ற குறைந்த தெளிவில் சோதிப்பதைப் பார்த்து "நான் 4கே-யில் விளையாடுவேன், இது எனக்கு எதற்கு?" என்று சில மாணவர்கள் கேட்பதுண்டு. 4கே-யில் கிராபிக்ஸ் கார்டுதான் பெரும்பாலும் தடை. எல்லாச் செயலிகளும் ஒன்றுபோல் தெரியும். மூன்று ஆண்டு கழித்து வேகமான கார்டு வாங்கும்போது செயலியின் எல்லை வெளிப்படும். அந்த எல்லையை 1080பி சோதனை இன்றே காட்டிவிடுகிறது.

இனி வெப்பம். நம் ஊரில் இதைப் பேசாமல் முடியாது. செயலி செலவழிக்கும் மின்திறன், மின்னழுத்தத்தின் வர்க்கத்தையும் கடிகார வேகத்தையும் பொறுத்தது. வேகத்தை 10 விழுக்காடு கூட்ட, மின்னழுத்தத்தையும் 10 விழுக்காடு கூட்ட வேண்டியிருந்தால், மின்திறன் 33 விழுக்காடு ஏறிவிடும். ரைசன் 5 7600-ஐயும் 7600எக்ஸ்-ஐயும் ஒப்பிடுங்கள்: 5.1 கிகாஹெர்ட்ஸ், 5.3 கிகாஹெர்ட்ஸ். அறிவிக்கப்பட்ட வெப்ப அளவோ 65 வாட், 105 வாட். குளிர்விப்பான் செயலியை அறை வெப்பத்துக்குக் கீழே கொண்டுபோகாது. 21 பாகையில் சோதித்தவரின் செயலி 75 பாகை காட்டினால், குளிர்சாதனம் இல்லாத நம் வீட்டின் 31 பாகையில் அது 85-ஐத் தொடும். என் பரிந்துரை 65 வாட் செயலிதான். 7600-இன் பெட்டியிலேயே குளிர்விப்பானும் வருகிறது.

மின்னழுத்தம் ஆயுளையும் குறைக்கும். 2024-இல் இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை மேசைக்கணினிச் செயலிகள் சில நிலைகுலைந்தன. அளவுக்கு மீறிய மின்னழுத்தமே காரணம் என்று நிறுவனமே அறிவித்து, திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தை 2 ஆண்டு நீட்டித்தது. அந்தத் தலைமுறைச் செயலியைப் பழையதாக வாங்கும் முன் யோசியுங்கள். (சில இன்டெல் செயலிகளின் உலோக மூடியில் 'மலாய்' என்று பொறித்திருக்கும். 1972 முதல் பினாங்கில் அவர்களின் ஆலை இருக்கிறது.)

கடைசியாக சாக்கெட், அதாவது மதர்போர்டில் செயலி உட்காரும் இடம். பலர் கவனிக்காத இதையே நான் முதலில் பார்ப்பேன். 2017-இல் ரைசன் 5 1600 வாங்கியவர்களில் பலர், பயாஸ் மென்பொருளைப் புதுப்பித்துவிட்டு அதே மதர்போர்டில் 5800எக்ஸ்3டி-யை மாட்ட முடிந்தது. ஐ5-7600கே வாங்கியவரால் அடுத்த தலைமுறை இன்டெல் செயலியைக்கூட மாட்ட முடியவில்லை. ஆனால் அவ்விரு 2017 செயலிகளுமே விண்டோஸ் 11-இன் ஆதரவுப் பட்டியலில் இல்லை. விண்டோஸ் 10-இன் வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. சாக்கெட் மாறாதவர் செயலியை மட்டும் மாற்றித் தப்பினார்.

2022-இல் வந்த ஏஎம்5 சாக்கெட்டுக்கு 2027 வரையாவது ஆதரவு உண்டு என்று ஏஎம்டி அறிவித்திருக்கிறது. எனவே இப்போது 6 கோர் 7600 போன்ற ஒன்றை வாங்கி, மிச்சப் பணத்தைக் கிராபிக்ஸ் கார்டில் போட்டு, சில ஆண்டு கழித்து விலை இறங்கிய எக்ஸ்3டி செயலியை மாட்டுவதே பெரும்பாலான குடும்பங்களுக்கு நான் சொல்லும் வழி. பெட்டியை மறுபடி திறக்கவே மாட்டேன் என்பவர் இப்போதே 8 கோர் எக்ஸ்3டி வாங்கிவிடலாம். ஏஎம்5 பலகையில் டிடிஆர்5 ரேம் மட்டுமே பொருந்தும். பழைய கணினியின் டிடிஆர்4 உதவாது.

வாங்கும் அன்றே பயாஸைக் கடையில் புதுப்பித்துத் தரச் சொல்லுங்கள். பின்னாளில் வீட்டில் நீங்களே செய்வதானால், இடி மழை பெய்யும் மாலை நேரத்தில் வேண்டாம். பாதியில் மின்சாரம் போனால் மதர்போர்டு எழுந்திருக்காமலே போகலாம்.