மரபியல்: செம்பனை கற்பிக்கும் பாடம்

‘தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை’ என்பது நம் முன்னோர் மொழி. பெற்றோரின் சாயல் பிள்ளைகளிடம் எவ்வாறு வந்தமைகிறது என்பதை ஆராயும் அறிவியல் துறையே மரபியல் எனப்படும். அதன் அடிப்படைகளை, நாள்தோறும் நம் கண்ணெதிரே நிற்கும் செம்பனையைக் கொண்டே நாம் அறிந்துகொள்ளலாம்.

மரஞ்செடிகள், விலங்குகள், மனிதர் ஆகிய அனைவரின் உடலும் உயிரணுக்களால் ஆனது. உயிரணுவின் உட்கருவில் நூலிழை போன்ற குரோமோசோம்கள் உள்ளன. மனிதருக்கு இவை 46; செம்பனைக்கு 32. இவற்றுள் ஒரு பாதி தந்தையிடமிருந்தும் மறுபாதி தாயிடமிருந்தும் வருகின்றன. இவ்விழைகளில் வரிசையாக அமைந்து, உடலின் பண்புகளுக்குக் காரணமாகும் கூறுகளே மரபணுக்கள். அவை பெரும்பாலும் இணை இணையாக இருக்கும்.

கிரகோர் மெண்டல் என்னும் துறவி, பட்டாணிச் செடிகளில் தாம் செய்த ஆய்வினை 1866ஆம் ஆண்டில் வெளியிட்டார். நெட்டைச் செடியையும் குட்டைச் செடியையும் அவர் கலந்தபோது, முதல் தலைமுறை முழுவதும் நெட்டையாகவே வளர்ந்தது. அவற்றின் வழித்தோன்றல்களிலோ நான்கில் ஏறத்தாழ ஒரு பங்கு குட்டையாக இருந்தது. குட்டைப் பண்பு அழியவில்லை, மறைந்தே இருந்தது! வெளிப்பட்டு நிற்பதை ஓங்கு பண்பு என்றும், மறைந்து நிற்பதை ஒடுங்கு பண்பு என்றும் கூறுவர்.

இனிச் செம்பனைக்கு வருவோம். டூரா வகையின் கொட்டைக்குத் தடித்த ஓடு உண்டு. பிசிபெரா வகைக்கு ஓடில்லை. ஆயினும் அதன் குலைகள் பெரும்பாலும் முதிராமலே அழுகிவிடும். இவ்விரண்டையும் கலந்தால் கிடைப்பது டெனெரா. இங்கே ஒரு பண்பு மற்றொன்றை முற்றும் மறைப்பதில்லை. ஆதலின் ஓடு மெல்லியதாகவும் சதை மிகுதியாகவும் அமைகிறது. டூராவைவிட ஏறத்தாழ 30 விழுக்காடு கூடுதலான எண்ணெய் தருவதால், நம் நாட்டுத் தோட்டங்களில் இதுவே பெரிதும் பயிராகிறது.

அவ்வாறாயின், நன்கு காய்க்கும் டெனெரா மரத்தடியில் விழுந்த விதையைப் பொறுக்கி நட்டால் என்ன? டெனெரா மரங்கள் தம்முள் கலந்து தரும் விதைகளில், நான்கில் ஒரு பங்கு டூரா, இரு பங்கு டெனெரா, ஒரு பங்கு பிசிபெரா ஆகும். கன்றாக இருக்கையில் மூன்றும் ஒன்றுபோலவே தோன்றும். ஏறத்தாழ மூன்றாண்டுக் காலம் உரமும் உழைப்பும் செலவிட்ட பின்னரே, காய்ப்பு உண்மையைக் கூறும். சில ஏக்கர் நிலத்தையே நம்பி வாழும் சிறு தோட்டக்காரருக்கு இது பேரிழப்பன்றோ? ஓட்டின் தடிப்புக்குக் காரணமான மரபணுவை மலேசிய செம்பனை வாரியத்தின் ஆய்வாளர்கள் பிறநாட்டு ஆய்வாளர்களுடன் சேர்ந்து கண்டறிந்து, 2013ஆம் ஆண்டில் அறிவித்தனர். இதனால், கன்றின் இலைத்துணுக்கைச் சோதித்தே வகையை அறிய வழி பிறந்தது.

மாணவர்களே, ஒன்றை மட்டும் மறவாதீர்கள். உயர்ந்த விதையும் நீரும் உரமுமின்றிச் செழிப்பதில்லை. கண்ணின் நிறமும் முடியின் சுருளும் மரபணு வழியே வரும். எழுத்தும் எண்ணும் அவ்வாறு வருவதில்லை. அவற்றை ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகக் கற்றே பெறவேண்டும். குலை வெட்டுபவரின் பிள்ளை குலை வெட்டவே பிறந்தது என்பார் கூற்றுக்கு மரபியலில் இடமில்லை. ஆதலின், ஊக்கத்துடன் கற்பீர்களாக!